மணலையும் தண்ணீரையும் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், இயற்பியல்தான் என்று உறுதியாக நிற்கிறாள். "மணலும் தண்ணீரும் ஓடுவதை ஆராய யார் சம்பளம் தருவார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை.

அவள் படித்துவிட்டுச் சொன்ன இயற்பியலாளர் ஜெர்ரி கோலப், அமெரிக்காவில் ஹேவர்ஃபோர்டு என்ற சின்னக் கல்லூரியில் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர். 1975இல் ஹாரி ஸ்வின்னியும் அவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், நடுவில் தண்ணீர், உள் உருளை மட்டும் சுழலும். வேகம் கூடக் கூட, கணக்கில்லாத அதிர்வுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் ஓட்டம் கொந்தளிக்கும் என்று சோவியத் இயற்பியலாளர் லாண்டா 1944இல் சொல்லியிருந்தார். இவர்கள் லேசரால் அளந்தபோது ஓரிரண்டு படிகளிலேயே ஒழுங்கு குலைந்துவிட்டது. கேயாஸ், அதாவது விதிப்படி நடந்தும் முன்கூட்டிக் கணிக்க முடியாத குழப்பம், என்று கணிதக்காரர்கள் காகிதத்தில் எழுதியதற்கு நிஜத் தண்ணீரில் சாட்சி கிடைத்தது. பின்னாளில் கோலப் மணல் போன்ற துகள்களின் ஓட்டத்தையும் ஆராய்ந்தார்.

துகள்கள் தனி ரகம். தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடினால் அடியில் அழுத்தமும் கூடும். தானியக் குதிரில் ஓரளவுக்கு மேல் கூடாது, பாரத்தைச் சுவரே தாங்கிக்கொள்ளும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் கையாள்பவருக்கும், கடலூர் சிப்காட்டில் மருந்துப் பொடியை மாத்திரையாக்குபவருக்கும் இது அன்றாடப் பிரச்சினை.

புதுச்சேரி கடற்கரையை நினைத்துப் பாருங்கள். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கே நகரும் மணலை மறித்தன. நகரத்தின் கரை அரித்துப்போய் கருங்கல்தான் மிஞ்சியது. பிறகு சென்னையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் திட்டு அமைத்த பிறகுதான் ஒரு பகுதியில் மணல் திரும்பியது. அந்த வேலைக்கு ஓட்டமும் மணலும் தெரிந்த ஆள் வேண்டும்.

சரி, வழி என்ன? ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களில் ஐந்தாண்டுப் படிப்புக்கு ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வு எழுதட்டும். கிடைக்காவிட்டால் கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கலாம், அப்புறம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம், அல்லது காலாப்பட்டில் புதுச்சேரி பல்கலைக்கழகம் இருக்கிறது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் ஆராய்ச்சியின் முதல் இரண்டு ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாயும் வாடகைப் படியும் வரும். கேயாஸ் ஆய்வுக்கு திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் பேர் பெற்றது. எங்கே படித்தாலும் பைத்தான் நிரலாக்கம் கட்டாயம்; ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் அது வேலை வாங்கித் தரும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். முனைவர் பட்டம் முடிய இருபத்தேழு, இருபத்தெட்டு வயதாகும். அதுவரை முழுச் சம்பளம் கிடையாது. வீட்டில் கடன் இருந்தால் மெக்கானிக்கல் அல்லது கெமிக்கல் இன்ஜினியரிங் எடுக்கட்டும், திரவ இயக்கவியல் அங்கேயும் உண்டு. கல்யாணப் பேச்சு மட்டும் படிப்பின் நடுவில் வேண்டாம், இதை உங்கள் மனைவியிடமும் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் முன் அவளுடைய கணக்கு மார்க்கைப் பாருங்கள். வகையீட்டுச் சமன்பாடுகளை விரும்பிப் போடுகிறாளா என்று அவளிடமே கேளுங்கள். ஆமாம் என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.