அலாய் வீல் மாற்றியதிலிருந்து பின்வீல் பேரிங் ஆயிரம் கிலோமீட்டர்கூடத் தாங்குவதில்லை. என்ன காரணம்?

உங்கள் கதையைச் சுருக்கினால் இதுதான்: பழைய வண்டிக்கு வேறு வண்டியின் அலாய் வீல் போட்டீர்கள், அதற்கப்புறம் பின் பேரிங் மூன்று முறை போய்விட்டது, ஒவ்வொரு முறையும் மெக்கானிக் "டூப்ளிகேட் பேரிங் சார்" என்கிறார். நானும் இதே வசனத்தை மூன்று முறை கேட்டவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என்னுடையது ஆர்எக்ஸ் 100. உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஒரு 150 சிசி வண்டியின் பின் அலாய் வீல் மலிவாகக் கிடைத்தது. லேத்தில் கொடுத்து அங்கே ஒரு புஷ், இங்கே ஒரு வாஷர் என்று ஒப்பேற்றி மாட்டினோம். பார்க்க அம்சமாக இருந்தது. முதல் ஜோடி பேரிங் 900 கிலோமீட்டர் ஓடியது. இரண்டாவது 1,300. மூன்றாவது ஜோடியை டீலரிடம் பில் போட்டு வாங்கினேன், டூப்ளிகேட் என்ற பேச்சே வரக்கூடாது என்று. அது 700-இலேயே ஊளையிட ஆரம்பித்தது. நாற்பதைத் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு 'ஊ'. வளைவில் வால் லேசாக ஆடும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு வீலை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பிளே, அதாவது தளர்வான ஆட்டம், கையிலேயே தெரியும்.

பெரியப்பா நூல் மில்லில் முப்பது வருஷம் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். புலம்பலை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"செத்த பேரிங் எங்க கண்ணு?"

"தூக்கிப் போட்டுட்டேனுங்க பெரியப்பா."

"அப்ப எதைப் பாத்துச் சொல்றது?"

நல்லவேளையாக மூன்றாவது ஜோடி இன்னும் வண்டியில்தான் இருந்தது. கழற்றும்போதே சாக்பீஸில் 'செயின்', 'பிரேக்' என்று எழுதி வைக்கச் சொன்னார். அப்புறம் வெளி ரேஸை (பேரிங்கில் குண்டுகள் ஓடும் பள்ளமுள்ள இரண்டு வளையங்களுக்கு ரேஸ் என்று பெயர், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று) கிரைண்டரில் இரண்டு இடத்தில் அறுத்து, துணி சுற்றி வைஸில் வைத்துத் தட்டிப் பிளந்தோம். (கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். ரேஸ் கண்ணாடித் துண்டு மாதிரி தெறிக்கும்.) மண்ணெண்ணெயில் கழுவி, வேட்டி ஓரத்தில் துடைத்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார்.

அவர் காட்டியதைத்தான் நீங்களும் உங்கள் பேரிங்கில் தேட வேண்டும். பைக் வீலில் ஆக்ஸில், அதாவது நடுவே போகும் தண்டு, சுற்றாது, அதனால் உள் ரேஸும் சுற்றாது. வெளி ரேஸ்தான் ஹப்போடு, அதாவது வீலின் நடுக்கட்டையோடு, சேர்ந்து சுற்றுகிறது. வண்டியின் எடை உள் ரேஸின் ஒரே பகுதியில்தான் எப்போதும் அமரும். ஆகவே ஒழுங்காக உழைத்து ஓய்ந்த பேரிங்கில் உள் ரேஸின் பள்ளத்துக்கு நடுவே, ஒரு பக்கம் மட்டும், பிறை மாதிரி தேய்மானத் தடம் இருக்கும். என்னுடையதில் தடம் வட்டம் முழுக்க ஓடியிருந்தது. அதுவும் நடுவில் இல்லை. உள் ரேஸில் வெளிப்பக்கச் சுவரோரம் ஏறியிருந்தது, வெளி ரேஸில் ஹப்பின் உட்பக்கம் பார்த்த சுவரோரம். செயின் பக்கம் ஒன்று, பிரேக் பக்கம் ஒன்று, இரண்டும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிர்.

"ரெண்டையும் உள்ளுக்கு இழுத்து நெரிச்சிருக்குது. நடு பைப்பைக் கொண்டா" என்றார்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஹப்புக்குள் ஒரு குழாய் இருக்கும். ஸ்பேசர் என்பார்கள், சிலர் டிஸ்டன்ஸ் பீஸ் என்பார்கள். ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் உள் ரேஸ், ஸ்பேசர், மறுபக்க உள் ரேஸ் என்று நேராகக் கடந்து போக வேண்டும். குண்டுகளுக்கு அதில் பங்கே கிடையாது. ஸ்பேசர் குட்டையாக இருந்தால் உள் ரேஸ் இரண்டும் அந்தரத்தில் நிற்கும். நட்டை இறுக்க இறுக்க, அழுத்தம் குண்டுகள் வழியாக வெளி ரேஸுக்கும் ஹப்புக்கும் போகும். கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். 12 மி.மீ. ஆக்ஸில் நட்டை 60 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் கிடைக்கும் இறுக்கம் சுமார் இரண்டரை டன். என் ஹப்பில் இருந்தது 6301 என்ற எண் கொண்ட பேரிங். அதன் நிலைச்சுமைத் திறன் 4.15 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 420 கிலோ. பக்கவாட்டில் அதில் பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது. வீதியில் இறங்கும் முன்பே ஸ்பானரால் அதைக் கொன்றுவிட்டோம்.

வாங்கிய வீலில் ஸ்பேசர் இல்லாததால் லேத்துக்கார அண்ணன் ஒரு பைப் துண்டை வெட்டிப் போட்டிருந்தார். குத்துமதிப்பாக. ஹப்பின் முழு அகலத்திலிருந்து பேரிங் உட்காரும் இருபக்கக் குழியின் ஆழத்தையும் வெர்னியரில் எடுத்துக் கழித்தோம்: பேரிங் முட்டி நிற்கும் படிக்குப் படி 64.6 மி.மீ. பைப் 64.2. அந்த பாயின்ட் நாலுதான் மூன்று ஜோடியைத் தின்றது. போதாக்குறைக்கு, கண்ணாடிப் பலகை மேல் நிறுத்தினால் பைப் லேசாகச் சாய்ந்து நின்றது. முகம் சதுரமாக இல்லையென்றால் நீளம் சரியாக இருந்தும் பயனில்லை. உள் ரேஸ் கோணலாக உட்காரும், தடம் பள்ளத்தில் குறுக்காக ஓடும்.

பேரிங்கைப் பிளக்காமலே இதைச் சோதிக்க வழி உண்டு. வீலைக் கழற்றி மேசையில் வையுங்கள். ஆக்ஸிலை விட்டு, இருபுறமும் வண்டியில் இருக்கிற அதே காலர்களை (பக்க வளையங்களை) போட்டு, நட்டை விரல் இறுக்கத்தில் வைத்து வீலைச் சுற்றிப் பாருங்கள். பிறகு வண்டியில் இறுக்குவது போல ஸ்பானரால் இறுக்கி மறுபடி சுற்றுங்கள். முன்பு வழுவழு, இப்போது கரகர அல்லது கனம் என்றால் ஸ்பேசர் நீளத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆக்ஸில் இல்லாமல் வீலை ஆட்டும்போது உள்ளே ஸ்பேசர் கடகடவென்று உருண்டாலும் அதே சந்தேகம்தான்.

புது ஸ்பேசரை 64.7-க்குச் செய்தோம். பாயின்ட் ஒன்று கூட இருக்கலாம், குறையவே கூடாது. மாட்டும் முறையும் முக்கியம். ஒரு பக்கப் பேரிங்கைப் படிவரை முழுக்க இறக்க வேண்டும். ஸ்பேசரைப் போட வேண்டும். மறுபக்கப் பேரிங்கை அதன் உள் ரேஸ் ஸ்பேசரைத் தொடும் வரை மட்டும் இறக்கி நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் போகுதே' என்று வெளி ரேஸைப் படிவரை அடித்தால் அதே நெரிசல் எதிர்த்திசையில் வந்து சேரும். அடிப்பது எப்போதும் வெளி ரேஸில்தான். உள் ரேஸில் அடித்தால் குண்டு பள்ளத்தில் தடம் பதியும். ஹப்பைச் சுடுநீரில் நன்றாகச் சூடேற்றி, பேரிங்கை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்திருந்தால் சுத்தியலுக்கு அதிகம் வேலையில்லை. அம்மா ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்துத் திட்டியது தனிக் கதை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நாலாவது ஜோடியில் பிரேக் பக்கம் ஜம்மென்று இருக்க, செயின் பக்கம் 4,000 கிலோமீட்டரில் ஆடியது. பிளந்து பார்த்தால் பள்ளங்கள் சுத்தம். ஆனால் வெளி ரேஸின் வெளிமுகம் பாத்திரம் தேய்த்த மாதிரி பளபள. பேரிங் ஹப்புக்குள்ளேயே நழுவிச் சுற்றியிருக்கிறது. மூன்று முறை அடித்து எடுத்து, அடித்து ஏற்றியதில் குழி பெருத்துவிட்டது. பழைய மெக்கானிக் அதை மறைக்க குழிச்சுவரில் மூன்று இடத்தில் பஞ்ச் அடித்து மேடாக்கியிருந்தார். பேரிங் அந்த மூன்று மொட்டுகளில்தான் நின்றிருக்கிறது. இதில் ஹப்பின் அலுமினியத்தின் குணமும் சேர்கிறது. சூட்டில் அது இரும்பைப் போல இரு மடங்கு விரியும். 37 மி.மீ. குழி 50 டிகிரி ஏறினால், பேரிங்கைவிட 0.02 மி.மீ. கூடுதலாக அகலும். குளிரில் இறுக்கமாகத் தோன்றிய பிடி மலைப்பாதையில் பிரேக் பிடித்து இறங்கும்போது விட்டுப்போவது அதனால்தான். இடைவெளி மிகச் சிறிது என்பதால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து லாக்டைட் 641 என்ற பேரிங் பிடிப்புப் பசையைத் தடவி ஏற்றினேன். கையாலேயே பேரிங் உள்ளே போகிற அளவு பெருத்திருந்தால் பசை எல்லாம் வேண்டாம். லேத்தில் குழியைப் பெரிதாக்கி ஸ்லீவ் (உள்ளுறை வளையம்) போடுங்கள், அல்லது வேறு ஹப் பாருங்கள்.

மற்ற காரணங்களும் உண்டு. செயின் பக்கப் பேரிங் மட்டும் போனால், ஸ்ப்ராக்கெட்டுகள் (செயின் ஓடும் பற்சக்கரங்கள்) ஒரே கோட்டில் இருக்கின்றனவா, ஆள் உட்கார்ந்த பிறகும் செயினில் தளர்ச்சி மிஞ்சுகிறதா என்று பாருங்கள். உயரமான ஷாக் போட்டவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். ஸ்ப்ராக்கெட்டைத் தாங்கும் கேரியருக்குத் தனி பேரிங் உள்ள வீல் என்றால், அதற்கும் ஹப்புக்கும் இடையிலும் ஒரு காலர் உண்டு. பழைய சாமான் கடை வீலில் அது தொலைந்தே வரும். கிரீஸ் காப்பிக் கலரில் இருந்து துரு தெரிந்தால் தண்ணீர் நுழைந்திருக்கிறது. பிரஷர் கன்னை ஆக்ஸில் பக்கம் காட்டாதீர்கள். சி3 வகை பேரிங் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சி3 என்பது உள்ளே சில மைக்ரான் கூடுதல் இடைவெளி, அவ்வளவுதான். 400 மைக்ரான் தப்பை அது மூடாது. டூப்ளிகேட்டும் சந்தையில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூன்று கடையில் வாங்கிய மூன்று ஜோடியும் டூப்ளிகேட் என்று மெக்கானிக் சொன்னால் வெர்னியரை நீங்களே கையில் எடுங்கள்.

இப்போது வண்டியில் இருக்கும் பேரிங்கைக் கழற்றும்போது எது எந்தப் பக்கம், எந்த முகம் வெளியே இருந்தது என்று எழுதி வையுங்கள். பிளந்து கழுவி, நான்கு ரேஸையும் வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். ஸ்பேசர் நீளமும் ஹப்பின் படி அளவும் சேர்த்துச் சொன்னால் பெரியப்பாவிடமே காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.