பூணூலை மறுத்தவரும் பூணூலுக்காக உயிர் கொடுத்தவரும்: பிராமணர்களும் சீக்கிய சமயமும் (கேள்வி பதில்)

பணி நிமித்தமாகப் பல ஆண்டுகள் அமிர்தசரஸில் வாழ்ந்து, அங்கேயே குர்முகி எழுத்தையும் கற்றுக்கொண்டவன் என்பதால் சீக்கிய வரலாறு பற்றிய உங்கள் ஐயங்களை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுள் பிராமணர்களைத் தொட்டவற்றுக்கு மட்டும் இங்கே விடையளிக்கிறேன். மூலப் பாடல்களில் உள்ளதையும், பிற்கால மரபு சொல்வதையும் இயன்றவரை பிரித்துக் காட்டுகிறேன்.

கேள்வி: ஐயா, குரு நானக் சிறுவயதிலேயே பூணூல் அணிய மறுத்தார் என்று படித்தேன். பிராமணர்கள் மீதிருந்த வெறுப்புதான் அதற்குக் காரணமா?

வெறுப்பு என்ற சொல் இங்கே பொருந்தாது. குரு நானக் (1469–1539) தல்வண்டியில், கத்ரி சாதியின் பேதி குலத்தில் பிறந்தவர். கத்ரிகளுக்குப் பூணூல் அணியும் உரிமை உண்டு. சாரஸ்வதப் பிராமணர்கள் வழிவழியாக அவர்களுக்குப் புரோகிதம் செய்துவந்தார்கள். ஆகவே அவர் மறுத்தது தமக்கு மறுக்கப்பட்ட ஒன்றை அல்ல, பிறப்பால் தமக்குக் கிடைக்கவிருந்த ஒரு சிறப்பையே என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஹர்தயாள் என்னும் குடும்பப் புரோகிதர் சடங்கு நடத்த வந்தபோது சிறுவன் நானக் மறுத்த கதையை ஜனம்சாகிகள் எனப்படும் பிற்கால வாழ்க்கைக் கதைகள் சொல்கின்றன. அந்தக் கதையை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் பாடல் அவருடையது என்பதில் ஐயமில்லை. ‘ஆசா தி வார்’ என்னும் தொகுதியில் அது இருக்கிறது.

இரக்கத்தைப் பஞ்சாகவும், மனநிறைவை நூலாகவும், புலனடக்கத்தை முடிச்சாகவும், வாய்மையை முறுக்காகவும் கொண்டு திரித்த பூணூல் உம்மிடம் இருந்தால், பண்டிதரே, அதை எனக்கு அணிவியும். அது அறாது, அழுக்காகாது, எரியாது, தொலையாது என்கிறார். அதோடு அவர் நிற்கவில்லை. சில காசுக்கு நூல் வாங்கி வருகிறார்கள், மெழுகிய கட்டத்துக்குள் அமர்ந்து அணிவிக்கிறார்கள், காதில் உபதேசம் ஓதிப் பிராமணர் குருவாகிவிடுகிறார், அணிந்தவன் இறந்ததும் நூல் உடலோடு விழுகிறது, உயிர் நூலில்லாமலே போகிறது என்று அந்தச் சடங்கை நம் கண்முன் நிறுத்திக் காட்டுகிறார். அமிர்தசரஸ் பொற்கோயிலான ஹர்மந்திர் சாகிபில் விடியலுக்கு முன்பே ‘ஆசா தி வார்’ பாடத் தொடங்கிவிடுவார்கள். குளிர்காலத்தில் குளத்துப் படிக்கட்டில் அமர்ந்து அந்த வரிகளை முதன்முதலாகப் பொருள் தெரிந்து கேட்ட நாளை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தக் குரலில் சினத்தைவிடத் துயரமே மிகுந்திருந்தது.

அதே தொகுதியில் இன்னொரு பாடல் இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. பசுவுக்கும் பிராமணனுக்கும் வரி விதிக்கிறாய், பசுஞ்சாணம் உன்னைக் கரையேற்றாது என்று அதில் ஒருவனைக் கடிந்துகொள்கிறார். வேட்டியும் திலகமும் ஜபமாலையும் தரித்துக்கொண்டே, தான் மிலேச்சர் என்று இகழ்பவர்களின் சோற்றை உண்ணும் அரசு அலுவலனே அவன். ஆட்சியாளரிடம் ஊழியம் பார்த்த அந்த வகுப்பு பெரும்பாலும் கத்ரிகளால் ஆனது, அதாவது நானக்கின் சொந்த வகுப்பு. கண்டனத்தைத் தம் வீட்டிலிருந்தே தொடங்கியவர் அவர்.

கேள்வி: சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிபில் பிராமணர்களைச் சாடும் பாடல்கள் ஏராளம் என்கிறார்கள். பிராமணர் எழுதிய பாடல்களும் அதில் உண்டு என்று ஒரு நண்பர் சொன்னார். இவற்றில் எது உண்மை?

இரண்டும் உண்மை. 1604ஆம் ஆண்டில் ஐந்தாம் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தத்தில் (குரு கிரந்த் சாகிபின் மூல வடிவம்) கபீரின் புகழ்பெற்ற கேள்வி இருக்கிறது: நீ எப்படிப் பிராமணன், நான் எப்படிச் சூத்திரன், என் உடலில் ஓடுவது இரத்தம், உன் உடலில் ஓடுவது பாலா? இதைவிடக் கூர்மையாகக் கேட்க முடியாது.

ஆனால் அதே நூலில் ஜெயதேவரின் பாடல்களும் இராமானந்தரின் பாடலும் உள்ளன, இருவரும் பிராமணர்கள். இராமானந்தரின் குருமரபு தமிழ்நாட்டின் இராமானுஜரிடமிருந்து தொடர்வதாக வைணவ மரபு கூறுவதால் நமக்கும் அவர் அந்நியர் அல்லர். சந்தனம் அரைத்து, நறுமணப் பொருள்கள் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டேன், குருவோ பிரம்மம் உள்ளத்திலேயே இருப்பதைக் காட்டிவிட்டார், இனி நான் எங்கே போவேன் என்று அவர் பாடுகிறார். நூலின் இறுதிப் பகுதியில் முதல் ஐந்து குருமார்களைப் போற்றும் 123 ஸ்வைய்யாக்கள் என்னும் புகழ்ப்பாக்கள் உள்ளன. அவற்றைப் பாடிய பட்டர்கள் பிராமண மரபைச் சேர்ந்த பாணர்கள். பெரும்பாலோர் கணக்குப்படி அவர்கள் 11 பேர்.

நானக்கின் நிலைப்பாட்டை ஒரே இடத்தில் பார்க்க விரும்புவோர் தனாசரி ராகத்தில் அமைந்த பாடலைப் படிக்கலாம். பொய் பேசி அழுக்கை உண்ணும் காஜி, உயிர்களை வருத்திவிட்டு நீராடும் பிராமணர், வழி அறியாத குருட்டு யோகி ஆகிய மூவரும் சேர்ந்து அழிவுக்கே எல்லை கட்டுகிறார்கள் என்கிறார். அடுத்த வரிகளில் மூவருக்கும் புதிய இலக்கணம் வகுக்கும்போது, பிரம்மத்தை ஆராய்பவரே பிராமணர், அவர் தாமும் கரையேறித் தம் குலத்தையும் கரையேற்றுவார் என்கிறார். ‘பிராமணர்’ என்ற சொல்லை அவர் வீசி எறியவில்லை. பிறப்பிடமிருந்து பறித்து ஒழுக்கத்திடம் கொடுத்தார். என் பார்வையில் இந்த உறவு முழுவதையும் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் இந்தப் பாடல்தான்.

கேள்வி: பத்துக் குருமார்களில் யாரேனும் பிராமணர் உண்டா?

இல்லை. பத்துப் பேரும் கத்ரிகள். 1699இல் பத்தாம் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியரின் அமைப்பான கால்சாவை நிறுவியபோது தலை கொடுக்க முன்வந்த ‘அன்புக்குரிய ஐவரிலும்’ பிராமணர் இல்லை. ஒரு கத்ரி, உழவர் சாதியான ஜாட் ஒருவர், ஒரு தண்ணீர் சுமப்பவர், ஒரு சாயத் தொழிலாளர், ஒரு நாவிதர் என்று அமைந்த வரிசை அது.

கேள்வி: மூன்றாம் குரு தம் ஈமச்சடங்குக்குப் பண்டிதரை அழைக்கச் சொன்னார் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் சடங்கு எதிர்ப்பு என்பது பிற்காலத்தில் வந்ததுதானே?

நீங்கள் படித்தது ராம்கலி ராகத்தில் சுந்தர் பாடிய ‘சத்’ என்னும் பாடலைப் பற்றியதாக இருக்க வேண்டும். 1574இல் மறைந்த குரு அமர் தாஸின் இறுதி மொழிகளாக அமைந்த அந்தப் பாடலில் ‘கேசோ கோபால் பண்டிதரை அழையுங்கள், அவர் ஹரி கதையைப் புராணமாகப் படிக்கட்டும்’ என்ற பொருள்படும் வரி வருகிறது. சிலர் இதை நேர்ப்பொருளில் எடுத்து, ஒரு பண்டிதரை வரவழைக்கச் சொன்னார் என்கிறார்கள். மற்றவர்களோ கேசவன், கோபாலன் என்பன இறைவனின் பெயர்கள் என்றும், இறைவனை அறிந்தவரே பண்டிதர், இறைவன் புகழே புராணம் என்பதே கருத்து என்றும் உரை சொல்கிறார்கள்.

எனக்கு இரண்டாவது உரையே ஏற்புடையது. பிண்டம், இலை, கிரியை, விளக்கு என ஈமச்சடங்கின் உறுப்புகளைப் பெயர் சொல்லி, அவை அனைத்தையும் இறைவன் என்னும் குளத்தில் விட்டுவிடச் சொல்லும் வரி அதே பாடலில் தொடர்கிறது. எனக்குப் பின் கீர்த்தனம் மட்டும் பாடுங்கள் என்றும் அவர் சொல்கிறார். எனினும் அக்காலச் சீக்கியக் குடும்பங்கள் எல்லாமே புரோகிதரை உடனடியாகக் கைவிட்டுவிட்டன என்று கருதிவிட வேண்டாம். போதனை முன்னே சென்றது, வீட்டு வழக்கம் நெடுந்தொலைவு பின்தங்கி வந்தது.

கேள்வி: காஷ்மீரப் பண்டிதர்களுக்காக ஒன்பதாம் குரு உயிர் கொடுத்தார் என்பதன் பின்னணியைச் சொல்லுங்கள்.

1675ஆம் ஆண்டில் மட்டன் ஊரைச் சேர்ந்த பண்டித் கிருபா ராம் தத் தலைமையில் காஷ்மீரப் பண்டிதர்கள் அனந்த்பூருக்கு வந்து, ஔரங்கசீப்பின் ஆட்சியில் தங்களை மதம் மாறும்படி கட்டாயப்படுத்துவதாகக் குரு தேக் பகதூரிடம் முறையிட்டார்கள் என்பது சீக்கிய மரபு. குரு கைது செய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தில்லி சாந்தினி சௌக்கில் தலை வெட்டப்பட்டார். அவ்விடத்தில் இன்று சீஸ் கஞ்ச் குருத்வாரா நிற்கிறது.

‘அவர்களது திலகத்தையும் பூணூலையும் இறைவன் காத்தான்’ என்று ‘பச்சித்தர் நாடகம்’ இத்தியாகத்தைப் பாடுகிறது. முதல் குரு தாம் அணிய மறுத்த நூலைப் பிறர் அணியும் உரிமைக்காக ஒன்பதாம் குரு உயிர் துறந்தார். தம் நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தோர் உலகில் பலர் உண்டு. தாம் ஏற்காத ஒன்றைப் பிறர் நம்புவதற்காக உயிர் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. இதை எழுதும்போதும் என் நெஞ்சு கனக்கிறது.

குருவுடன் கொல்லப்பட்ட மூவரில் பாயி மதி தாஸும் பாயி சதி தாஸும் சகோதரர்கள். மோஹ்யால் பிராமணர்களுள் சிப்பர் குலத்தவர்கள். மதி தாஸை இரு பலகைகளுக்கு இடையே கட்டித் தலையிலிருந்து ரம்பத்தால் அறுத்தார்கள், சதி தாஸைப் பஞ்சில் சுற்றி எரித்தார்கள், மூன்றாமவரான பாயி தயாள் தாஸைக் கொதிகொப்பரையில் இட்டார்கள் என்பது மரபு. சீக்கியர்கள் நாள்தோறும் நின்று சொல்லும் ‘அர்தாஸ்’ வேண்டுதலில் ‘ரம்பங்களால் அறுக்கப்பட்டவர்கள்’ என்ற சொற்கள் வருகின்றன. அந்த இடம் வரும்போது கேட்பவர் மனத்தில் எழும் உருவம் மதி தாஸுடையது. முறையிட வந்த கிருபா ராமும் பின்னர் சீக்கியத் தீட்சையான அமிர்தம் ஏற்றுச் சம்கௌர் போரில் உயிர் நீத்தார் என்று மரபு சொல்கிறது.

கேள்வி: ஆனால் பத்தாம் குரு கோவிந்த் சிங்கின் இளைய மகன்களைக் காட்டிக்கொடுத்தவனும் ஒரு பிராமணன்தானே?

ஆம். 1704 டிசம்பரில் அனந்த்பூரை விட்டு வெளியேறியபோது குடும்பம் சிதறியது. குருவின் தாய் மாதா குஜ்ரிக்கும், சிறுவர்களான ஜோராவர் சிங், ஃபதே சிங் இருவருக்கும் தன் வீட்டில் இடமளித்த கங்கு என்னும் சமையல்காரன் அவர்களைக் காட்டிக்கொடுத்தான். சிர்ஹிந்தில் சிறுவர்களை உயிரோடு சுவரெழுப்பிக் கொன்றார்கள். பஞ்சாபி வீடுகளில் ‘கங்கு’ என்பது இன்றும் துரோகத்துக்கு மறுபெயர்.

ஆனால் இச்செய்தியைக் கொண்டு ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோர், சிறுவர்களின் சாவுக்குத் தூபம் போட்ட திவான் சுச்சா நந்த் குருவின் சொந்தச் சாதியான கத்ரி என்பதையும், அத்தண்டனையை எதிர்த்துக் குரலெழுப்பியவர் மாலேர்கோட்லாவின் முஸ்லிம் நவாப் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: சீக்கியராக மாறிய பிராமணர்களுக்குப் ‘பந்து’ எனப்படும் சீக்கியச் சமூகத்தில் தனி மதிப்பு இருந்ததா?

சில காலம் இருந்தது; அதைத் தக்கவைக்க முயற்சியும் நடந்தது. சிப்பர்கள் குருமார்களின் அவையில் திவான்களாகப் பணியாற்றியவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் படைவலிமையால் ஜாட்கள் மேலெழுந்தபோது அந்தப் பழைய எழுத்தறிஞர் குடும்பங்கள் ஒதுங்க நேர்ந்தது. சௌபா சிங்கின் பெயரால் வழங்கும் ஒழுக்க நூல் பிராமணச் சீக்கியருக்குப் பிறரைவிட இருமடங்கு மதிப்பளிக்கச் சொல்கிறது. குரு நானக்கின் பாடலுக்கு நேர்முரணான இவ்விதியைப் பந்து ஏற்கவில்லை.

கேள்வி: பஞ்சாபை ஆண்ட மகாராஜா ரஞ்சித் சிங் ஆட்சியில் பிராமணர்களின் இடம் என்ன?

மிகப் பெரியது. 1818இல் முல்தானையும் 1819இல் காஷ்மீரையும் வென்ற படைக்குத் தலைமை தாங்கிய மிஸ்ர் திவான் சந்த் பிராமணர். கருவூலம் மிஸ்ர் பேலி ராம் பொறுப்பில் இருந்தது. கோஹினூர் வைரமும் அவர் காவலில்தான் இருந்தது. திவான் தீனா நாத் காஷ்மீரப் பண்டிதர். மறுபக்கம், 1845–46ஆம் ஆண்டுகளின் முதல் ஆங்கிலேய–சீக்கியப் போரில் படையைக் கைவிட்டதாகப் பஞ்சாப் இன்றும் சபிக்கும் லால் சிங்கும் தேஜ் சிங்கும் பிராமணக் குடும்பங்களில் பிறந்தவர்களே.

கேள்வி: அப்படியானால் ‘நாங்கள் வேறு’ என்ற தெளிவான கோடு எப்போது விழுந்தது?

சமயக் கோடு நானக்கிடமே தொடங்கியது. சமூகக் கோடு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அழுத்தமாக விழுந்தது. ராவல்பிண்டியில் பாபா தயாள் (1783–1855) தொடங்கிய நிரங்காரி இயக்கம் தீவலமும் புரோகிதரும் இல்லாத ‘ஆனந்த்’ திருமணத்தை முன்வைத்தது. 1873இல் அமிர்தசரஸில் சிங் சபை என்னும் சீர்திருத்த அமைப்பு தோன்றியது. 1877இல் லாகூரில் ஆரிய சமாஜத்தின் கிளை நிறுவப்பட்டது; சமாஜத்தின் நிறுவனர் தயானந்தர் நானக்கைக் குறைத்து எழுதியது சீக்கியர்களைப் புண்படுத்தியது. 1898இல் கான் சிங் நாபா ‘நாங்கள் இந்துக்கள் அல்லர்’ என்ற தலைப்பிலேயே நூல் எழுதினார். 1905இல் ஹர்மந்திர் சாகிபின் சுற்றுப்பாதையில் பிராமணர்கள் வைத்து வழிபட்ட சிலைகள் அகற்றப்பட்டன. 1909இல் ஆனந்த் திருமணச் சட்டம் வந்தது.

இத்தனைக்கும் நடுவே குருத்வாராக்களைக் கைப்பற்றி வைத்திருந்த மகந்துகள் என்னும் பொறுப்பாளர்களைப் பலர் பிராமணர்கள் என்று எழுதுகிறார்கள், அது பிழை. அவர்களில் பெரும்பாலோர் நானக்கின் மூத்த மகன் ஸ்ரீ சந்தின் வழிவந்த உதாசித் துறவியர்.

கேள்வி: சீக்கியரிடையே இன்றும் சாதி இருப்பதற்குப் பிராமணச் செல்வாக்கே காரணம் என்று சொல்லலாமா?

முழுப் பொறுப்பையும் வெளியே தள்ளிவிடுவது எளிது, ஆனால் நேர்மையாகாது. பஞ்சாபின் சிற்றூர்களில் நிலமுடையவர்கள் ஜாட் சீக்கியர்கள். தலித் சீக்கியர்களுக்குத் தனிக் குருத்வாராவும் சில இடங்களில் தனிச் சுடுகாடும் இருப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அங்கே பிராமணர் யாரும் கோடு கிழிக்கவில்லை.

1920 அக்டோபர் 12 அன்று, ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து புதிதாக அமிர்தம் ஏற்ற சிலர் பிரசாதத் தட்டுடன் ஹர்மந்திர் சாகிபுக்குள் வந்தார்கள். அங்கிருந்த பூசகர்கள் சீக்கியர்களே, ஆயினும் அந்தப் பிரசாதத்தை ஏற்று அவர்களுக்காக வேண்டுதல் செய்ய மறுத்தார்கள். வாக்குவாதத்தின் இறுதியில் நூலையே கேட்டுவிடலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டு குரு கிரந்த் சாகிபைப் பிரித்தார்கள். சோரட் ராகத்தில் குரு அமர் தாஸின் பாடல் வந்தது: ‘தகுதியற்றோரையும் அவனே மன்னித்து ஏற்றுக்கொள்கிறான், சகோதரனே.’ பிரசாதம் எல்லோருக்கும் வழங்கப்பட்டது. வந்தவர்கள் அங்கிருந்து சீக்கியரின் உயர் அதிகார பீடமான அகால் தக்துக்குச் சென்றபோது, அதன் பூசகர்கள் இடத்தை விட்டு வெளியேறியிருந்தார்கள்.