ஏப்ரல் ரோஸ்டரில் முதல் பெயர் யாருடையது?

கேள்வி: அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வாட்டுப் பொறுப்பு சிஸ்டராக இருக்கிறேன். இரண்டு வருஷத்தில் ஐந்து நர்ஸ்மார் போய்விட்டார்கள். ‘சேவைத் தலைமைத்துவம்’, அதாவது கீழே வேலை செய்கிறவர்களுக்குச் சேவை செய்கிற தலைமை, இருந்தால் ஆட்கள் நிற்பார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சம்பளத்தைக் கூட்ட என்னால் முடியாது, அப்புறம் எப்படி?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: வகுப்பில் சொன்னது பாதி உண்மை, சிஸ்டர். 2022 பொருளாதார நெருக்கடியில் பென்ஷனும் பணிமூப்பும் பாதிக்காமல் 5 வருஷம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே சுற்றறிக்கை விட்டது, அப்படிக் கடனோடு கிளம்புகிறவரை உங்கள் அன்பு நிறுத்தாது, நிறுத்தவும் கூடாது. உங்கள் கையில் இருப்பவர்கள் வேறு: இடமாற்றப் படிவம் வந்ததும் ஓடிப்போய் நிரப்புகிறவர்கள். குளிர், தூரம் என்று எழுதுவார்கள். உண்மைக் காரணம் பெரும்பாலும் ரோஸ்டரில், அதாவது டியூட்டிப் பட்டியலில், இருக்கும்.

தீபாவளிக்குச் சிங்கள நர்ஸ்மார் டியூட்டி பார்ப்பார்கள், வெசாக்குக்கு நம்மவர்கள் பார்ப்பார்கள், அதெல்லாம் சரி. சித்திரைப் புத்தாண்டுதான் வில்லங்கம், இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாள், எல்லாருக்கும் லீவு வேண்டும். அன்றைக்கு ரோஸ்டரில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கிறதா? ‘சேவைத் தலைமைத்துவம்’ என்ற சொல்லை 1970இல் எழுதிப் பரப்பிய ரொபர்ட் கிரீன்லீஃப் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனிக்காரர், ஆஸ்பத்திரிக்காரர் அல்ல. ஆனாலும் அவர் வைத்த சோதனை நம் வாட்டுக்கும் பொருந்தும்: தலைவருக்குக் கீழே இருப்பவர்கள் வளர்கிறார்களா?

வளர்ப்பது என்றால் சின்ன விஷயம்தான். காலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த சிங்கள நர்ஸ் பிள்ளைக்குத் தோட்டத்து அம்மா ‘அடிவயிறு இழுக்குது’ என்றால் விளங்காது, அந்தப் பிள்ளை சத்தம் போடுவாள், சொந்தக்காரர்கள் திருப்பிச் சத்தம் போடுவார்கள், அன்று இரவே அவளுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். பக்கத்தில் நின்று முப்பது தமிழ்ச் சொல் சொல்லிக் கொடுங்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பதுதான் சேவைத் தலைமைத்துவம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. இந்தத் தலைமைத்துவம் இருக்கும் இடத்தில் வேலையை விடும் எண்ணம் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அளந்தது எண்ணத்தை, உண்மையில் போனவர்களை அல்ல. எண்ணத்துக்கும் பஸ் ஏறுவதற்கும் நடுவில்தான் சம்பளம் நிற்கிறது.

கேள்வி: இறங்கிப் போனால் தலையில் ஏறி உட்கார மாட்டார்களா?
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: சிலர் உட்காருவார்கள். தினமும் பிந்தி வருகிறவரின் வேலையை மற்ற மூன்று பேர்தான் சுமக்கிறார்கள், அவரைக் கேட்காமல் விட்டால் அந்த மூன்று பேரும் படிவம் தேடுவார்கள். கேளுங்கள், ஆனால் நோயாளிகளுக்கு முன்னால் வேண்டாம்.