பதினோரு நாட்டுச் சாப்பாடும் ஒரு டப்பா தயிர் சாதமும்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அக்டோபர் கடைசியில் மாமனாரும் மாமியாரும் கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். ஃப்ளோரிடாவில் இருக்கிற டிஸ்னியின் எப்காட் பூங்காவுக்கு எல்லோரும் ஒரு நாள் போகலாம் என்று ஆசை. அங்கே பல நாட்டுச் சாப்பாடு கிடைக்குமாமே! ஆனால் அத்தை சுத்த சைவம், கேக்கில் முட்டை இருந்தால் மட்டும் கண்டுகொள்ளமாட்டார். மாமாவுக்கு முழங்கால் வலி. என் 8 வயது மகனுக்கு பீட்சாவை விட்டால் எதுவும் இறங்காது. காசைக் கொட்டிவிட்டு யாராவது பசியோடு திரும்பப் போகிறோமோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, டாலஸ்

பதில்: தயங்காமல் போய் வாருங்கள். டிஸ்னியின் நான்கு பூங்காக்களில் வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போக எதற்கு என் ஓட்டு என்று கேட்டால், எப்காட்டுக்குத்தான். ராட்டினத்தில் ஏறாதவர்களுக்கும் அங்கே நாள் முழுக்க பார்க்கவும் ருசிக்கவும் இருக்கிறது. 1982-ல் திறந்த பூங்கா. அதன் பின்பாதியில் ஒரு ஏரியைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா என்று 11 நாடுகளை வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு சுற்று நடந்தால் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், அதனால் மாமாவுக்கு வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்துவிடுங்கள், "எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்பார், கேட்காதீர்கள். ஏரியைக் கடக்கப் படகும் விடுகிறார்கள், பாதி நடை மிச்சம்.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் தடவை போனபோது நாங்கள் செய்த தவறு, முதல் நாட்டிலேயே ஆளுக்கொரு தட்டு வாங்கி வயிறு முட்டச் சாப்பிட்டதுதான். நான்காவது நாட்டுக்குப் போகும்போது யாருக்கும் எதையும் பார்க்கவே பிடிக்கவில்லை. அதனால் கறாராக ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாட்டுக்கு ஒரு தட்டு, எல்லோருக்கும் சேர்த்து. நீங்கள் போகும் சமயத்தில் அங்கே வருஷா வருஷம் நடக்கும் உணவுத் திருவிழாவும் இருக்கும், வழி நெடுக சின்னச் சின்னக் கடைகள் போட்டு நாலு வாய் அளவில்தான் பரிமாறுவார்கள், பகிர்ந்து சாப்பிட அதுதான் தோது. நாடுகள் இருக்கிற பகுதியைப் பொதுவாகக் காலை 11 மணிக்குத்தான் திறப்பார்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் பாதிச் சுற்றை முடித்துவிடப் பாருங்கள், சாயங்காலமானால் கடைகளில் வரிசை நீளும், சனி ஞாயிறு கேட்கவே வேண்டாம்.

அத்தைக்காக நான் சொல்வது நார்வே. அங்கே இருக்கிற பேக்கரியில் ஸ்கூல் பிரெட் என்று ஒன்று கேட்டு வாங்குங்கள். உள்ளங்கை அளவு பன், நடுவில் கஸ்டர்ட், மேலே சர்க்கரைப் பூச்சு, அதன்மேல் வறுத்த தேங்காய்த் துருவல். பிய்த்து வாயில் போட்டதும் ஏலக்காய் மணக்கும். ஆமாம், நம்ம ஏலக்காயேதான்! நார்வே, ஸ்வீடன் பக்கமெல்லாம் பன்னுக்கு ஏலக்காய் போடாமல் இருக்கமாட்டார்கள். என் அம்மா முதல் கடியில் கண்ணை மூடிக்கொண்டு, "ஏண்டி, இது சோமாசி பூரணம் மாதிரியே இருக்கே" என்றார். அத்தனை தூரம் போய், ஊர் பெயர்கூடச் சொல்ல வராத ஒரு நாட்டுப் பலகாரத்தில் தன் வீட்டு ருசியைக் கண்டுபிடித்த அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. அத்தைக்கும் அது கிடைக்கட்டும்.

அவருக்காகக் கவனிக்க வேண்டியவையும் இருக்கின்றன. பொதுவாகவே ஜப்பானிய மிசோ சூப்பின் அடித்தண்ணீரில் மீன் சேர்ப்பதுண்டு, மெக்சிகோ பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குகிறவர்கள் உண்டு, வெறும் சாதத்தைக்கூட கோழிச் சாற்றில் வேகவைக்கிற வழக்கம் இருக்கிறது. 'வெஜிடேரியனா' என்று மட்டும் கேட்டால் பல இடங்களில் "கறி போடவில்லை" என்ற அர்த்தத்தில் தலையாட்டிவிடுவார்கள். மீன், கோழிச் சாறு, கொழுப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். டிஸ்னி மெனுக்களில் 2019-லிருந்து பச்சை இலைக் குறி போடுகிறார்கள், அது இருந்தால் பால், முட்டை, தேன்கூடக் கிடையாது, நம்பி வாங்கலாம்.

மகனைப் பற்றிக் கவலையே வேண்டாம், இத்தாலியில் பீட்சாவே இருக்கிறது. அங்குள்ள வியா நாப்போலி உணவகத்தில் மூன்று விறகு அடுப்புகள், எட்னா, வெசூவியோ, ஸ்ட்ரோம்போலி என்று மூன்று எரிமலைகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம், வாய்தான் அடுப்பு. அதைக் காட்டிவிட்டு, "பீட்சா உண்டு, ஆனால் அதுக்கு முன்னாடி மூணு நாட்டில் ஒரு வாய் ருசி பார்க்கணும்" என்று பேசி முடியுங்கள். ஜப்பானில் பூப்போலச் சீவிய ஐஸில் பழ சிரப் ஊற்றித் தருவார்கள், பிரான்ஸில் தோசைபோல ஊற்றி சாக்லெட் தடவிய கிரெப் கிடைக்கும், இரண்டுக்கும் அவன் மறுக்கமாட்டான்.

கேள்வி: வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோனால் வாசலில் பிடுங்கிக்கொள்வார்களா?
- வாசகர், சேலம்

பதில்: மாட்டார்கள். சொந்தச் சாப்பாடு கொண்டுபோக டிஸ்னியில் அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, சூடு பண்ணத் தேவையில்லாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு டப்பா தயிர் சாதமும் ஊறுகாயும் அவசியம் எடுத்துப் போங்கள். கையில் நம்ம சாப்பாடு இருக்கிறது என்கிற தைரியம் இருந்தால்தான் பெரியவர்கள் புதுசை வாயில் வைத்துப் பார்ப்பார்கள், இதை நான் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன். தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், கவுண்டர் கடைகளில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசம்.

கேள்வி: 11 நாடுகளில் இந்தியா இல்லையா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லை, எனக்கும் அது வருத்தம்தான். சில ஆண்டுகளில் உணவுத் திருவிழாவில் மட்டும் இந்தியக் கடை போட்டிருக்கிறார்கள். ஆனால் மொராக்கோ பக்கம் நிதானமாக நில்லுங்கள். அந்நாட்டின் அப்போதைய மன்னர் இரண்டாம் ஹசன் தன் கைவினைஞர்களையே அனுப்பிப் பதிக்க வைத்த டைல்ஸ் வேலைப்பாடு அது, சுவரைத் தொட்டுப் பாருங்கள், ஒவ்வொரு துண்டும் கையால் வெட்டியது. அங்கே வேலை செய்பவர்களின் சட்டையில் பெயரோடு சொந்த ஊரும் எழுதியிருக்கும், எந்த நாட்டுக்குப் போனாலும் "உங்கள் அம்மா இதை எப்படிச் செய்வார்?" என்று கேளுங்கள், முகம் மலர்ந்து பேசுவார்கள்.