சூடான மசாலா ஆப்பிள் சைடரை வீட்டில் எப்படிச் செய்வது? கடையில் கிடைக்கும் ஆப்பிள் ஜூஸிலேயே செய்யலாமா?

செய்யலாம். ஆனால் கிடைப்பது வேறு பானமாக இருக்கும். மாசசூசெட்ஸில் பதினோரு குளிர்காலமாக இதைச் செய்து வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அமெரிக்கக் கடைகளில் சைடர் என்று விற்பது பிழிந்தபடியே இருக்கும், தெளிய வடிகட்டாத, புளிக்காத ஆப்பிள் சாறு. புளிக்கவைத்துப் போதை ஏறியதற்கு இங்கே ‘ஹார்டு சைடர்’ என்று பெயர். இங்கிலாந்தில் சைடர் என்றாலே மதுதான். அங்கிருந்து கேட்கிறீர்கள் என்றால் கலங்கலான ஆப்பிள் ஜூஸ் என்று பார்த்து வாங்குங்கள். நம் ஊரில் மூன்றாவது குழப்பம் ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சைடர் காய்ச்சுகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, “தொப்பை குறையக் குடிக்கிற வினிகரையா வந்தவர்களுக்குக் கொடுக்கப் போகிறாய்?” என்று அம்மா பதறிவிட்டார். இந்தச் சாறு புளித்து மதுவாகி, அதற்கு மேலும் புளித்தால்தான் அந்த வினிகர்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஆப்பிளை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் பழுப்பேறுகிறது அல்லவா? பிழியும்போது சாறு முழுவதுக்கும் அதுவே நடக்கிறது. சைடரின் செம்மண் நிறம் அப்படி வந்ததுதான். நுண்ணிய சதையும், பெக்டின் என்ற பழத்தின் பசைச்சத்தும் அதில் மிதந்துகொண்டிருப்பதால் நாக்கில் ஒரு கனம் தெரியும். கண்ணாடிபோலத் தெளிந்த ஜூஸில் அவை எல்லாம் நீக்கப்பட்டிருக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் இனிப்புதான். அதில் பட்டை போட்டுக் காய்ச்சினால் மணக்கும் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கும், அவ்வளவே. வேறு வழியில்லை என்றால் இறக்கும்போது அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிடுங்கள், கொஞ்சம் தேறும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் செப்டம்பரிலிருந்தே பிழியத் தொடங்கிவிடுவார்கள். ஒரு கேலனுக்கு, அதாவது 3.8 லிட்டருக்கு, ஏறக்குறைய 36 ஆப்பிள் பிடிக்கும். ஒரே வகையைப் பிழிய மாட்டார்கள். மெக்கின்டாஷ், கார்ட்லண்ட் என்று புளிப்பும் இனிப்புமாகக் கலந்துதான் பிழிவார்கள். என் நாக்குக்கு நவம்பர் சைடர்தான் உயர்த்தி. பருவத்தின் கடைசியில் வரும் பழங்களில் இனிப்பு ஏறியிருக்கும்.

இனி அந்த முதல் ஆண்டின் கதை. அலுவலகத்தில் டிசம்பர் விருந்து, ஆளுக்கொரு பதார்த்தம். மசாலாவைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற மிதப்பில் இருந்தேன். கைநிறையப் பட்டை, இருபது கிராம்பு, ஏலக்காய், மிளகு, போதாததற்குச் சுக்கு. எல்லாவற்றையும் போட்டு ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். சக ஊழியர் ஒருவர் இரண்டு வாய் குடித்துவிட்டு, பல் மருத்துவரின் நாற்காலி ஞாபகம் வருகிறது என்றார். நாக்கு மரத்துவிட்டதாம். அவரைக் குறை சொல்ல முடியாது. கிராம்பில் இருக்கும் யூஜெனால் பல் மருத்துவத்தில் பயன்படுவதுதான். நான் கொண்டுபோனது சைடர் இல்லை, ஆப்பிள் கஷாயம். அடுத்த ஆண்டு கிராம்பைப் பாதியாகக் குறைத்தும் மிச்சப் பானை வீட்டுக்குத்தான் திரும்பியது.

இப்போதைய அளவு இது. இரண்டு லிட்டர் சைடருக்கு விரல் நீளப் பட்டை இரண்டு, கிராம்பு ஐந்து, ஆல்ஸ்பைஸ் ஆறு மணி, தோல் சீவிய இஞ்சியில் மெல்லிய வில்லை மூன்று. ஆல்ஸ்பைஸ் என்பது பல மசாலாக்களின் கலவை இல்லை, ஒரே மரத்தின் காய். நம் பக்கத்தில் சிலர் சர்வசுகந்தி என்று வளர்ப்பது அதுதான். கிடைக்காவிட்டால் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் போதும். அன்னாசிப்பூ பிடிக்கும் என்றால் இரண்டு இதழ். முழுப்பூ போட்டால் பிரியாணி நினைவு வந்துவிடும். ஏலக்காய் வேண்டவே வேண்டாம். ஏலக்காய் வந்த இடத்தில் ஆப்பிளுக்கு வேலை இல்லை. ஆரஞ்சுத் தோலைக் காய் சீவும் கத்தியால் இரண்டு நாடாவாகச் சீவிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி ஒட்டிக்கொண்டு வந்தால் கசக்கும். பலர் ஆரஞ்சை வட்ட வட்டமாக நறுக்கி மிதக்கவிடுவார்கள்; படத்துக்கு அழகுதான், அரை மணி நேரத்தில் கசப்பு இறங்கிவிடும். சர்க்கரை தேவையில்லை, ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள்.

மசாலாவை வெறும் பாத்திரத்தில் ஒரு நிமிடம் வாட்டி, மணம் எழுந்ததும் சைடரை ஊற்றுங்கள். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. புளிப்புச் சாறு என்பதால் அலுமினியம் ஆகாது. அதன்பின் அடுப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். ஓரத்தில் கடுகளவு குமிழிகள் வரும், நடுப்பரப்பு லேசாக நடுங்கும், ஆவி மெல்ல எழும். அந்த நிலையைத் தாண்டவிடக் கூடாது. வெப்பமானி இருந்தால் 80 முதல் 85 டிகிரி செல்சியஸ். 25 நிமிடம் போதும். மேலே பழுப்பு நுரை திரளும், கரண்டியால் எடுத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் சதைத் துணுக்குகள் திரிந்து திப்பி திப்பியாகும். மணமும் ஆவியோடு போய்விடும். வீடெல்லாம் மணக்கும், குவளையில் இருக்காது. நேரம் ஆனதும் மசாலா முழுவதையும் வடித்து எடுத்துவிடுங்கள். அழகுக்காக உள்ளேயே விட்டால் கடைசியாக ஊற்றிக்கொள்பவருக்குக் கிராம்பு ரசம்தான்.

பட்டைப் பொடி போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பொடி கரையாது, சூட்டில் ஊறிக் கொழகொழவென்று அடியில் தங்கும்.

குழந்தைகளும் குடிப்பார்கள் என்பதால் ரம் சேர்ப்பவர்கள் பானையில் ஊற்றாமல் அவரவர் குவளையில் ஊற்றிக்கொள்ளட்டும். தோட்டத்தில் வாங்கும் சைடர் பாஸ்டுரைஸ் செய்யப்படாததாக, அதாவது கிருமிகள் சாகும்படி சூடாக்கப்படாததாக, இருக்கலாம். அமெரிக்காவில் அத்தகைய புட்டிகளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது 1998 முதல் உள்ள விதி. பச்சையாகக் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன சூட்டில் வைத்தெடுத்தால் கவலையில்லை. அதிக நாள் சேமிக்கவும் வேண்டாம். ஒருமுறை குளிர்பெட்டியின் பின்வரிசையில் ஒரு புட்டியை மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் கர்ப்பிணிபோல வயிறு உப்பி நின்றது. மூடியைத் திருகியதும் பீறிட்டதில் சமையலறைக் கூரையில் விழுந்த கறை, அந்த வாடகை வீட்டைக் காலி செய்யும்வரை இருந்தது.

ஒரு சிறிய கிளைக்கதை. இந்தப் பானத்தின் மூதாதை இங்கிலாந்தின் ‘வாசெயில்’. ‘நலமாக இரு’ என்று பொருள்படும் பழைய வாழ்த்துச் சொல்லிலிருந்து வந்த பெயர். சாமர்செட் பகுதியில் கார்ஹாம்ப்டன் என்ற ஊரில் ஜனவரி 17 அன்று ஆப்பிள் மரத்தைச் சுற்றி நின்று பாடி, வேரில் சைடரை ஊற்றி, சைடரில் நனைத்த ரொட்டியைக் கிளையில் வைத்து, துஷ்ட ஆவிகளை விரட்டத் துப்பாக்கி வெடிப்பார்கள். நாம் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுகிற அதே வாரம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு: புளிப்பும் இனிப்புமாகக் காஷ்மீர் அல்லது இமாச்சல் ஆப்பிள் இரண்டு கிலோ வாங்கி, விதை நீக்கி, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் கட்டிப் பிழியுங்கள். தண்ணீர் சேர்க்காதீர்கள். நிறம் கறுக்கிறதே என்று எலுமிச்சை பிழிந்துவிடாதீர்கள், கறுக்கட்டும். ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேறும், மசாலாவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில் அம்மா கோயம்புத்தூரில் இப்படித்தான் செய்தார். ஐந்து கிராம்புக்கு மேல் போகக் கூடாது என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, “நாக்கு கொஞ்சம் மரத்த மாதிரி இருந்தது. கிராம்பை எல்லாம் எண்ணியா போடுவார்கள்?” என்றார்.