கோடாலியை ஓங்கி அடித்தும் விறகு பிளக்க மாட்டேன் என்கிறதே, ஏன்?

பலம் போதாததால் இல்லை, அடி விழும் இடம்தான் காரணம். மரத்தின் நார் நெடுக்காக ஓடும். காய்ந்த கட்டையின் வெட்டு முகத்தைப் பாருங்கள்: நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய வெடிப்புகள் தெரியும். அதிலேயே கோடாலியை இறக்குங்கள். கணு உள்ள பக்கம் வேண்டாம், அங்கே நார் முறுக்கிக்கொண்டிருக்கும். பருத்த கட்டையை ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகப் பிளந்து வாருங்கள். புளியங்கட்டை என்றால் ஆப்பும் சம்மட்டியும் வேண்டும்.

சரி, கேஸ் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? எங்கள் வெந்நீர் அடுப்புக்கு நானேதான் பிளக்கிறேன். அரை மணி நேரத்தில் பனியன் நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் குடிக்கும் நீராகாரத்தின் ருசியும் அன்றிரவுத் தூக்கமும் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. காலை அகட்டி நின்று அடியுங்கள்.