ராயபுரம் வீட்டில் பழைய கால்மிதி ஆர்மோனியம்: சில கட்டைகள் ஊமை, ஒன்று விடாமல் ஒலிக்கிறது. என்ன செய்யலாம்?

புது ரீடு (சட்டத்தில் பொருத்திய, காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்கு) வாங்க ஓடாதீர்கள். ஊமைக் கட்டைக்குப் பெரும்பாலும் காரணம், ரீடின் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிய தூசிதான். கொக்கியால் ரீடை இழுத்தெடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் அடியிலிருந்து நுனி நோக்கித் துடைத்து, அதே பொந்தில் செருகுங்கள். கடல் காற்றில் பித்தளை பச்சை பூத்திருந்தாலும் உப்புத்தாள் வேண்டாம்: நுனியில் உலோகம் தேய்ந்தால் சுருதி ஏறும், அடியில் தேய்ந்தால் இறங்கும். எண்ணெயும் கூடாது, தூசி ஒட்டிக்கொள்ளும்.

விடாமல் ஒலிப்பது, வால்வு (கட்டையை அழுத்தினால் ரீடுக்குக் காற்று விடத் திறக்கும் மூடி) முழுதாக மூடாததால். மழைக்காலத்தில் மட்டும் என்றால் கட்டை உப்பியிருக்கலாம். எப்போதுமே என்றால் வால்வுத் தோலைப் பூச்சி அரித்திருக்கும், அல்லது ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும்.

துருத்தித் துணி மாற்ற நேர்ந்தால் ஃபெவிகால் பூசாதீர்கள். விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் வஜ்ரப் பசைதான் சரி. பின்னால் பிரிக்க வேண்டியிருந்தால் வெந்நீரிலேயே இளகும்.